மெடிக்கல் கோடிங்கிலிருந்து ஆப்டோமெட்ரிக்கு: கும்பகோணத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பி.ஆப்டம், அதாவது கண் பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடிக்கான பவரை எழுதித்தரும் ஆப்டோமெட்ரித் தொழிலுக்கான பட்டப்படிப்பில் சேர்வதற்கு முன்அனுபவம் வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர். அவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: வேண்டாம். தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நிரம்புகின்றன. தனியார் கல்லூரிகளிலும் எத்தனை மணி நேரம் கண் மருத்துவமனையில் நின்றாய் என்று யாரும் கேட்பதில்லை.

முப்பது வயதில், மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலையை விடப்போகும் ஒருவர் அதே கேள்வியோடு வரும்போது இந்தப் பதில் போதாது. கல்லூரிக்கு அனுபவம் தேவையில்லை, அவருக்குத் தேவை. பதினெட்டு வயதில் தவறான படிப்பில் சேர்ந்தவர் இரண்டு ஆண்டு கழித்து வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். குழந்தையும் கடனும் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை.

நான் கும்பகோணத்தில் ஒரு கண் மருத்துவரின் கிளினிக்கில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். கீழே எழுதியிருப்பது அப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றி. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயரை விட்டுவிட்டேன், அடையாளம் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வந்தவர்

ஊர் வலங்கைமான் பக்கம். படிப்பு பி.எஸ்சி. உயிர்வேதியியல். கல்லூரி முடிந்த கையோடு திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போய்விட்டார். அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் உரிய எண்ணைப் போட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பத் தயார் செய்யும் வேலை. டெல்டாவில் உயிரியல் பக்கம் பட்டம் வாங்கிய பிள்ளைகளில் கணிசமானோர் இதற்குத்தான் போகிறார்கள். இவருக்குச் சீக்கிரமே கண் பிரிவு கிடைத்தது. 92014 என்றால் பழைய நோயாளிக்குச் செய்த முழுக் கண் பரிசோதனை, 92015 என்றால் பவர் பார்த்தது. இந்த இரண்டாவதற்கு அங்குள்ள முதியோர் காப்பீடான மெடிகேர் பணம் தராது என்பதுவரை அவருக்கு அத்துபடி. பார்வை நரம்பின் குழி விகிதம், கண் அழுத்தம், கருவிழியின் கனம் என்று ஆயிரக்கணக்கான கண்களைப் பற்றிப் படித்திருந்தார். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியான ஸ்லிட் லேம்பை மட்டும் நேரில் பார்த்ததில்லை.

படித்துப் படித்தே ஆசை வந்துவிட்டது என்றார். நான் அதை முழுதாக நம்பவில்லை. இரவுப் பணி ஒத்துக்கொள்ளவில்லை. எண் போடும் வேலையில் பாதியை மென்பொருளே செய்யத் தொடங்கியிருந்தது. கணவர் சிங்கப்பூரில், மகள் எல்.கே.ஜி.யில். வேலையை விட்டு ஓடவும் அவருக்குக் காரணங்கள் இருந்தன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வேலை பிடிக்காமல் போவதும் இன்னொன்று பிடித்துப்போவதும் ஒன்றல்ல என்பதை முதல் நாளே பேசிக்கொண்டோம்.

அவர் வந்தது ஐப்பசியில். அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்திருந்தது. அடுத்த சேர்க்கைவரை இருந்த இடைவெளிதான் இந்த ஆய்வின் காலம். வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்து செய்யும் ஷிப்ட் கிடைக்கிறதா பாருங்கள் என்றேன். கிடைத்தது. வார நாட்களில் சில காலை நேரமும் சனிக்கிழமையும் அவருக்கு மிஞ்சின.

கையில் இருந்த பட்டியல்

அவர் ஒரு நோட்டில் திட்டம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முழுக்க அமெரிக்கத் திட்டம். அங்கே ஆப்டோமெட்ரி என்பது இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு நான்கு ஆண்டு படிக்கும் முனைவர் நிலைத் தொழிற்படிப்பு. அதற்கு ஓ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு உண்டு: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், வாசிப்பு, கணக்கு, மதிப்பெண் 200 முதல் 400 வரை. கல்லூரிகளுக்குப் பொதுவான ஒரே விண்ணப்ப முறை இருக்கிறது. ஆப்டோமெட்ரிஸ்டுகளின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் தனி கிளினிக், மருத்துவமனை, கண்ணாடிக் கடை என்று பல வகையிலும் பார்த்திருந்தால் நல்லது, ஓர் ஆப்டோமெட்ரிஸ்டின் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றெல்லாம் குறித்திருந்தார். அந்த நாட்டுக்கு அது சரியான பட்டியல்தான். அங்கே விண்ணப்பத்தைப் படித்து, ஆளை நேரில் கேள்வி கேட்டுச் சேர்க்கும் குழு இருக்கிறது. ஏன் இந்தத் தொழில் என்ற கேள்விக்கு அந்த மணி நேரங்கள்தான் பதில்.

சிக்கல் என்னவென்றால், அவருடைய சேமிப்பையும் குடும்பத்தையும் வைத்துப் பார்த்தால் அவர் சேரப்போவது திருச்சியிலோ தஞ்சாவூரிலோ உள்ள கல்லூரியாகத்தான் இருக்க முடியும். நோட்டோ மணிக்கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் சந்திப்பிலேயே லெட்டர்ஹெட்டில் மணிக்கணக்கோடு கடிதம் தருவீர்களா என்று கேட்டார். கடைசியில் தருகிறேன் என்றேன். அதற்கு முன் அவர் விசாரித்த ஓரிடத்தில், பணம் கட்டினால் ஆறு மாத அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எந்தக் கல்லூரியும் கேட்காத ஒரு காகிதத்துக்கு விலை வைத்து விற்கிற துணிச்சலை என்னவென்று சொல்வது!

முதலில் கண்ணாடிக் கடை

அவரை நான் அனுப்பிய முதல் இடம், மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒருவரின் கண்ணாடிக் கடை. முகம் வாடிவிட்டது. "கடையில் நிற்கவா மேடம் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். ஆப்டோமெட்ரி படிக்க வருகிறவர்கள் எல்லோருமே நேராகப் பரிசோதனை அறைக்குள் நுழையத்தான் ஆசைப்படுகிறார்கள். வெள்ளைக் கோட்டு அங்கேதானே இருக்கிறது. என் கருத்து வேறு. பரிசோதனை அறையில் நாம் எழுதித் தருவது ஓர் எண். அந்த எண் கண்ணாடியாகி ஒருவர் மூக்கில் உட்காரும்போது என்ன ஆகிறது என்பது கடையில்தான் தெரியும். புகாரும் அங்கேதான் வரும்.

முதல் வாரங்களில் பிரேமைத் துடைத்து அடுக்கினார். பிறகு இரண்டு கண்பாப்பாக்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஸ்கேலில் அளப்பது, லென்சோமீட்டரில் பழைய கண்ணாடியின் பவரைப் படிப்பது, மேல்பகுதியில் தூரத்தையும் கீழ்க்கட்டத்தில் கிட்டத்தையும் பார்க்கும் பைஃபோகலில் அந்தக் கட்டம் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று பேனாவால் புள்ளி வைப்பது என ஒவ்வொன்றாகக் கடைக்காரர் காட்டிக்கொடுத்தார். வெள்ளெழுத்து வந்த பெண்மணி மலிவான பிரேமை எடுத்துக்கொண்டு, மகனுக்கு மட்டும் நல்லதாகப் பார்ப்பதையும், குறுவை அறுத்துப் பணம் கைக்கு வந்ததும் போன வருடமே எழுதிக்கொடுத்த சீட்டோடு ஆட்கள் வருவதையும் கவனித்திருக்கிறார். அமெரிக்கக் குறிப்புகளில் இதற்கெல்லாம் எண் கிடையாது.

திருபுவனத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் அங்கேதான் அவருக்குக் கிடைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். புது பைஃபோகலைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "பேப்பர் நன்றாகத் தெரிகிறது பாப்பா, தறியில் இழை தெரியவில்லை" என்பது புகார். கடையில் பவரைச் சரிபார்த்தார்கள், சீட்டில் உள்ளபடியே இருந்தது. கீழ்க்கட்டத்தின் உயரமும் சரி. நான்கு நாள் போட்டுப் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம் தொழிலில் மிக அதிகமாகச் சொல்லப்படும், மிகக் குறைவாக யோசிக்கப்படும் அறிவுரை அது.

கடையில் நின்ற நம் பெண் இதை என்னிடம் வந்து சொன்னபோது, தறியில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் துணிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். தெரியவில்லை. சீட்டில் இல்லையே என்றார். கோடிங் தொழிலில் ஒரு விதி உண்டாம்: குறிப்பில் எழுதாதது நடக்கவே இல்லை. அதை வைத்துத்தான் அவர் இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை டேப்போடு திருபுவனம் போனார். நெசவாளர் குழித்தறியில் உட்கார்ந்து நாடாவை ஓட்ட, பக்கத்தில் குந்தி அளந்திருக்கிறார். கண்ணிலிருந்து ஊடை விழும் இடம்வரை சுமார் 60 சென்டிமீட்டர்.

கணக்கு எளிது. படிக்கும் தூரம் என்று நாம் வழக்கமாக வைத்துக்கொள்வது 40 சென்டிமீட்டர். நெசவாளருக்குக் கிட்டத்தில் பார்க்கக் கூட்டிக்கொடுத்திருந்த பவர் பிளஸ் 2.25. அந்தக் கட்டத்தின் வழியே தெளிவாகத் தெரியும் தூரத்தின் எல்லை, ஒன்றை 2.25-ஆல் வகுத்தால் வருவது, 44 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் மங்கல். மேல்பகுதியோ தூரப் பார்வைக்கானது. அந்த வயதில் கண்ணின் சொந்த லென்ஸ் 60 சென்டிமீட்டருக்குக் குவியும் வலுவை இழந்திருக்கும். மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் தறி மட்டும் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது. பிளஸ் 1.50 கூட்டினால் எல்லை 67 சென்டிமீட்டருக்குப் போகும். நெசவாளரை மறுபடி வரவழைத்துப் பார்த்தேன். தறிக்கென்று தனியாக ஒரே பவரில் ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தேன். பேப்பர் படிக்கப் பழைய பைஃபோகலே இருக்கட்டும் என்று விட்டோம்.

இதன் பிறகு கடையைப் பற்றிய முனகல் நின்றுவிட்டது. சுவாமிமலைப் பக்கம் பஞ்சலோகச் சிலைக்கு அரம் போடுகிற ஒருவர் வந்தபோது, வேலை செய்யும் தூரத்தைக் கேட்டு எழுதியதோடு நிற்காமல், உலோகத் தூள் கண்ணில் தெறிக்குமே, பாதுகாப்புக் கண்ணாடி உண்டா என்றும் அவராகவே கேட்டிருக்கிறார். கடைக்காரர் எனக்குப் போன் செய்து சொன்னார்.

பரிசோதனை அறை

தை பிறப்பதற்குச் சற்று முன்னால் அவரை கிளினிக்குக்குள் வரச்சொன்னேன். மருத்துவரிடம் சொல்லி அனுமதி வாங்கி, ஒரு நிபந்தனையும் வைத்தேன்: நோயாளியைத் தொடக் கூடாது, சொட்டு மருந்து பாட்டிலை எடுக்கவே கூடாது. ஒவ்வொரு நோயாளியிடமும், "இவர் படிக்கப் போகிறவர், பக்கத்தில் இருந்து பார்க்கலாமா?" என்று கேட்ட பிறகே அவர் உட்காருவார். சில இடங்களில் ஆர்வமாக வருகிறவர்களைப் பாப்பாவை விரிக்கும் மருந்து போட விடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். முன்அறை ஆழமில்லாத கண்ணில் அந்தச் சொட்டு கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும். அதைப் பார்த்துச் சொல்லக் கற்றவர் மட்டுமே செய்ய வேண்டியது அது.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றால், அதிகமில்லை. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை மதிப்பிடும் ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கோடு பாப்பாவுக்குள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. மீதி, "இது தெளிவா, அது தெளிவா?" என்ற கேள்விதான். காலை முதல் மாலைவரை அதே கேள்வி. பலருக்குச் சலிப்பு தட்டும் இடம் இது. தட்டட்டும் என்றுதான் நானும் விடுவேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் பெரும்பகுதி இதுதான். இவர் சலிக்கவில்லை. ஒரே மாதிரி இருக்கும் ஆயிரம் குறிப்புகளில் வேறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கும் பழக்கம் கோடிங்கில் வந்ததாக இருக்க வேண்டும். அவரிடம் இருந்த குறை வேறு. முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பார். பாட்டி ஒருவர், "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு" என்று தயங்கியபோது, அது தெரியாமல் சொல்கிறாரா, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று சொல்கிறாரா என்பது முகத்தில்தான் இருந்தது. அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அதனால் குறிப்பெழுதும் முறையையே மாற்றச் சொன்னேன். நோயாளி போன பிறகுதான் எழுத வேண்டும்; பவரை எழுத வேண்டாம், அவர் என்ன சொல்லிக்கொண்டு வந்தார், என்ன தொழில், எதைப் பார்க்க முடியாமல் போனது என்பதை எழுத வேண்டும். இதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. தஞ்சையின் இரண்டாம் சரபோஜி மன்னர் (1777–1832) காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளும் கண்களின் வண்ணப் படங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இதைச் சொன்னதும் அவர், அதற்கு என்ன எண் போடுவார்கள் மேடம் என்று கேட்டுச் சிரித்தார்.

சம்பா அறுவடை சூடுபிடித்த நாட்களில் ஒரு விவசாயத் தொழிலாளி வந்தார். நெல் தோகை கண்ணில் கீறி ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. முதலில் யாரோ தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். பிறகு மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய சொட்டு. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், ஸ்டீராய்டு கலந்தது. கருவிழியில் ஓரங்கள் இறகுபோல் பிரிந்த வெள்ளைப் புள்ளி. டெல்டாவில் அறுவடைக் காலத்தில் இப்படியொரு கண்ணைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு அதைத் தணிப்பதுபோல் காட்டி உள்ளே வளர விடும். மருத்துவர் பார்த்துவிட்டு, அன்றைக்கே கருவிழிச் சிறப்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை உறுதியானது, பூஞ்சைக்கான சொட்டு மருந்தான நாட்டமைசின் தொடங்கினார்கள். கண் தப்பியது, பூ விழுந்துவிட்டது. பார்வை பாதிக்குமேல் திரும்பவில்லை.

அன்று மாலை அவர் கேட்டார்: "நாம் என்ன செய்தோம் மேடம்?"

"அனுப்பினோம்."

அவருக்கு அது ஏமாற்றம். அமெரிக்கக் குறிப்புகளில் ஆப்டோமெட்ரிஸ்டே மருந்து எழுதுவதைப் படித்துப் பழகியவர். அங்கே சட்டம் அதற்கு இடம் தருகிறது. இங்கே நம் வேலை கண்டுபிடித்து, நேரம் கடத்தாமல் உரியவரிடம் சேர்ப்பது. இந்த எல்லையோடு நாற்பது ஆண்டு வாழ முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் இரண்டு வாரம் கிளினிக்குக்கு வரவில்லை. வராமல் போயிருந்தாலும் இந்த ஆய்வு வெற்றி என்றே எழுதியிருப்பேன்.

திரும்பி வந்தபோது, வலங்கைமான் ஒன்றியத்தில் நடந்த ஒரு கண்புரை முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானே கேட்டு வாங்கியிருந்தார். பள்ளிக்கூடப் பரிசோதனை ஒன்றுக்கும் உடன் வந்தார். அங்கே 6 மீட்டர் தூரத்தைக் கயிறு வைத்து அளந்து கோடு போட்டது அவர்தான். முகாம்களைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கூட்டத்தில் கற்பதைவிட அலைவதுதான் அதிகம்.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. அமெரிக்காவை அவராகவே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். செலவும், குழந்தையை விட்டுப் போவதும் முடியாது. இரண்டு ஆண்டு டிப்ளமோ இன்னொன்று. சீக்கிரம் முடியும், கடையிலோ மருத்துவமனையிலோ வேலை கிடைக்கும், சில பல்கலைக்கழகங்களில் பிறகு பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரவும் இடமுண்டு. நான் பட்டப்படிப்பையே சொன்னேன். 2021-இல் வந்த இணைச் சுகாதாரப் பணிகளுக்கான ஆணையச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. இனிமேல் யாருக்கு என்ன தகுதி என்ற கேள்வி கறாராகத்தான் கேட்கப்படும். முப்பது வயதில் ஒருமுறை படிக்க உட்காருகிறவர் மறுபடியும் உட்கார வேண்டிய நிலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு, அதில் கடைசி ஆண்டு பயிற்சி. சென்னையில் 1985-இலேயே தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி அவர் ஆசைப்பட்ட இடம். மகளை வைத்துக்கொண்டு அது நடக்காது. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்ததால் தகுதியில் தடங்கல் வரவில்லை. கணக்கும் கணினி அறிவியலும் எடுத்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். சில கல்லூரிகள் கணக்கை ஏற்கும், சில உயிரியல் இல்லாமல் சேர்க்காது. அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை விடுவது பற்றிப் பேச வேண்டும். மாமியார், "பேத்தியும் நீயும் ஒரே நேரத்தில் பள்ளிக்கூடம் போகப் போகிறீர்களா?" என்று கேட்டாராம். ஆனால் காலையில் பேத்தியைக் கிளப்பிவிடுவதை அவர்தான் ஏற்றுக்கொண்டார்.

கடிதத்தைச் சொன்னபடி எழுதிக்கொடுத்தேன். மணிக்கணக்கு ஒரு வரி. நெசவாளர் விஷயம் ஒரு பத்தி. சேர்க்கை அன்று மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, என் கடிதத்தை மட்டும் இது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

முதல் ஆண்டில் அவரைப் படுத்தியது ஒளியியல். உடற்கூறும் உயிர்வேதியியலும் அவருக்குப் பழக்கமானவை. லென்ஸ் சமன்பாட்டில் எதற்குக் கூட்டல், எதற்குக் கழித்தல் என்பதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சட்டென்று போட்டுவிட்டுப் போக, இவர் பிளஸ் டூ முடித்துப் பத்து ஆண்டுக்கு மேலாகிவிட்டதே என்று திணறினார். கடையும் கிளினிக்கும் இதற்குப் பெரிதாக உதவவில்லை, உதவவும் செய்யாது. இப்போது வேலை மாற நினைத்து வருகிறவர்களிடம், கடைக்குப் போகும் அதே மாதங்களில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் கதிர் ஒளியியல் பாடத்தைக் கணக்குகளோடு முடித்துவிடுங்கள் என்று சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பாடத்தில் அவர் கடைசியில் எழுந்து நின்றதற்கு 44 சென்டிமீட்டர் கணக்கு கொஞ்சம் உதவியது என்றார். தேர்வில் வெள்ளெழுத்துக் கேள்வி வந்தபோது தறியை வைத்தே விடை எழுதியிருக்கிறார்.

பணக் கணக்கு இன்னும் முடியவில்லை. மாலை நேரத்தில் மற்றவர்கள் போட்ட எண்களைச் சரிபார்க்கும் பகுதிநேர வேலையைப் பழைய நிறுவனத்திலேயே வைத்திருக்கிறார். கட்டணத்தின் ஒரு பகுதி அதிலிருந்து போகிறது. நான்காம் ஆண்டுப் பயிற்சியில் அது முடியாது. நாள் முழுதும் மருத்துவமனையில் நிற்க வேண்டும், உதவித்தொகை இடத்துக்கு இடம் மாறும், வெளியூரிலும் போடலாம். கணவருடைய ஒப்பந்தமும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் முடிகிறது. அவர் திரும்பிவந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, வருமானம் இல்லை. நீட்டித்தால் வருமானம் உண்டு, ஆள் இல்லை. மாமியாரின் இடது கண்ணில் புரை வேறு முற்றிக்கொண்டிருக்கிறது. அதை அந்த ஆண்டுக்குத் தள்ளாமல் இந்தப் பங்குனியிலேயே அறுவை செய்துகொள்ளச் சொல்லித் தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.